நடுத்துண்டு

பல்லழகி என்று அவளுக்குப் பட்டப்பெயர் வைத்தவள் அவளுடைய அண்ணி, அதாவது கணவனின் அக்கா. பல் அழகாக இருப்பதால் வைத்த பெயர் அல்ல. அவளுடைய முன்பல் இரண்டுக்கும் நடுவில் ஒரு தீக்குச்சி தாராளமாக நுழையும். அவள் பல் செட் செய்கிறவள், அதனால் வந்த பெயர். பல் மருத்துவமனையின் பின்பக்கத்தில் நீளமான ஓர் அறை. அதில் உட்கார்ந்து மெழுகில் உருவாக்கி, அச்சில் வார்த்து, தேய்த்து, பளபளப்பாக்கி, இது இன்னாருடைய மேல்வரிசை, இது இன்னாருடைய கீழ்வரிசை என்று சீட்டு ஒட்டி முன்பக்கத்துக்கு அனுப்புவாள். மாட்டிக்கொண்டு கண்ணாடியில் சிரித்துப் பார்ப்பவர்கள் டாக்டருக்கு நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள். பின்னறையில் ஒருத்தி இருக்கிறாள் என்பதே அவர்களுக்குத் தெரியாது. இதில் அவளுக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. அவள் செய்த காரியத்துக்கு இது ஒரு காரணம் என்று வேண்டுமானால் சொல்லலாம். நியாயம் என்று சொல்ல முடியாது.

அண்ணிக்கு ஐம்பத்து மூன்று வயது. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்தாறு வருடமாக மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டிருப்பவள். ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் இழுத்துக் கொடுத்தால் போதும், அதில் இருக்கக்கூடாதது எது இருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. சந்தேகம் வந்தால் டாக்டர்களே அவள் மேஜைக்கு வந்து நிற்பார்கள். வீட்டிலும் அதே கண்தான். சட்டையில் ஒரு பொத்தானை மட்டும் வேறு நிற நூலால் தைத்திருப்பதை வாசலிலேயே கண்டுபிடித்துவிடுவாள். தம்பி பெண்டாட்டி வீட்டு அலமாரியின் மேல்தட்டுத் தூசியும் அவளுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. ஆனால் அதைப் பற்றி ஒருநாளும் வாய் திறந்ததில்லை. அந்த அளவுக்கு நல்ல நாத்தனார்.

கல் பொறுக்கும் பைத்தியத்தைக் குடும்பத்துக்குள் கொண்டுவந்தவளும் அண்ணிதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் மற்றவர்கள் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்ளும் நேரத்தில் அவளும் பல்லழகியும் ஜல்லிக் கிடங்குக்குக் கிளம்பிவிடுவார்கள். ஆற்றுப் படுகையிலிருந்து லாரியில் வந்து இறங்கும் கூழாங்கற்கள் அங்கே வீட்டு உயரத்துக்குக் குவிந்து கிடக்கும். வெயில் சாய்வாக விழும்போது சூரியனைப் பார்த்து நடக்க வேண்டும். சாதாரணக் கல் வெளிச்சத்தை மறித்துக்கொண்டு நிற்கும். இவர்கள் தேடும் அகேட் என்ற மணிக்கல் மட்டும் வெளிச்சத்தை உள்ளே விட்டுக்கொண்டு ஓரத்தில் மினுங்கும். எடுத்துத் தண்ணீர் தெளித்துப் பார்க்க வேண்டும். தண்ணீர் தீர்ந்துபோனால் நக்கிப் பார்க்க வேண்டும். குடும்பப் பெண்கள் இரண்டு பேர் குவியலின் மேல் உட்கார்ந்து கல்லை நக்குவதைப் பார்த்த லாரி டிரைவர் ஒருவர், வண்டியைப் பின்னுக்கு எடுக்கவே மறந்துபோனார். கிடங்குக் காவல்காரருக்கோ இவர்கள் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறார்கள் என்று எண்ணம். கிடைத்ததா என்று பதினோரு வருடமாக அக்கறையாக விசாரித்துக்கொண்டிருந்தார்.

ஒருநாள் அண்ணி அவருக்குப் பொறுமையாக விளக்கினாள். எரிமலைக் குழம்பு ஆறி இறுகும்போது உள்ளே காற்றுக் குமிழிகள் மாட்டிக்கொள்ளும். காற்று போனபின் அது வெறும் பொந்து. பாறை வழியே கசிகிற தண்ணீர், மணலில் இருக்கிற சிலிக்கா என்ற அதே சத்தைக் கொஞ்சம் கரைத்து எடுத்துவந்து பொந்தின் சுவரில் பூசிவிட்டுப் போகும். வெந்நீர்ப் பாத்திரத்தின் உள்ளே உப்பு ஏடு ஏடாகப் படியவில்லையா, அந்தக் கதைதான். ஆனால் இதற்குப் பிடிக்கும் காலம் நம் கணக்குக்குள் அடங்காது. ஒவ்வொரு பூச்சிலும் இரும்பு கூடக் குறைய இருந்தால் நிறமும் மாறும். அப்படி வெளியிலிருந்து உள்ளே வளையம் வளையமாக வளர்ந்தது பட்டைக்கல். பாசிக்கல் என்று இவர்கள் சொல்வது வேறு மாதிரி. அதில் பாசி என்று பெயருக்குக்கூட ஒன்றும் கிடையாது. அந்தச் சத்து கூழாக இருக்கும்போதே இரும்பும் மாங்கனீசும் அதற்குள் கிளை கிளையாகப் பரவி, கூழ் கல்லாகும்போது அப்படியே நின்றுவிடும். அதைப் பார்த்துப் பாசி என்றும் செடி என்றும் காடு என்றும் சொல்வது நம்முடைய கண்தான் என்று அண்ணி முடித்தாள். காவல்காரர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அப்போ இன்னும் கிடைக்கலையாம்மா என்றார்.

கல்லை அறுப்பது பல்லழகியின் வேலை. டைல்ஸ் போடுகிறவர் ஒருவரிடமிருந்து பழைய வெட்டும் மெஷின் ஒன்றை வாங்கி, சமையலறைக்குப் பின்னால் துணி துவைக்கும் இடத்தில் வைத்திருந்தாள். வைர விளிம்பு வைத்த பிளேடு, அதன்மேல் சொட்டிக்கொண்டே இருக்கும் தண்ணீர். பல்லைத் தேய்த்துப் பழகிய கை என்பதால் எவ்வளவு வெடிப்பு விட்ட கல்லும் அவள் கையில் சிதறாமல் அறுபடும். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு ஒப்பந்தம் இருந்தது. எந்தக் கல்லையும் பாதியாக அறுக்க வேண்டும். கண்டெடுத்தவளுக்கு ஒரு பாதி, மற்றவளுக்கு ஒரு பாதி. எந்தப் பாதி என்று முதலில் தேர்ந்தெடுப்பது கண்டெடுத்தவள். இரண்டு பாதியும் கண்ணாடியில் பார்த்த மாதிரி ஒன்றுக்கொன்று அச்சாக இருக்கும் என்பதால் சண்டைக்கே இடம் வரவில்லை.

சண்டை வரவில்லை என்றால் குறை இல்லை என்று அர்த்தமில்லை. பதினோரு வருடத்தில் நல்ல கல் என்று வந்ததெல்லாம் அண்ணி கண்டெடுத்தது. பல்லழகியும் அதே குவியலில்தான் முட்டி தேய நடந்தாள். அவளுக்குக் கிடைத்ததெல்லாம் அறுத்தால் சோற்றுக்கஞ்சி நிறத்தில் மந்தமாக இருந்தது. ஒருமுறை வீட்டுக்கு வந்த உறவுக்காரர்கள் நிறையப் பேர் முன்னால் அண்ணி சிரித்துக்கொண்டே, இவளுக்குக் கடவுள் கையைக் கொடுத்தார், கண்ணைத்தான் கொடுக்கவில்லை என்று சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். பல்லழகியும் அந்த இடைவெளிப் பல் தெரியச் சிரித்தாள். அண்ணி அதை அன்றைக்கே மறந்துவிட்டாள். பல்லழகி மறக்கவில்லை.

அதற்கு ஒரு மாதம் கழித்துத்தான் அந்தக் கல் அண்ணிக்குக் கிடைத்தது. எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரியது, ஒரு பக்கம் சில்லு பெயர்ந்து உள்ளே பார்க்க வழி விட்டிருந்தது. அண்ணி அந்த இடத்தில் டார்ச்சை வைத்து நெடுநேரம் பார்த்தாள், பிறகு எப்போதும் எழுதும் நோட்டில் என்னவோ கிறுக்கிக்கொண்டாள். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டதற்கு, அறுக்கும்போது பார்க்கலாம் என்று சின்னப் பிள்ளை மாதிரி கண்ணைச் சிமிட்டினாள். எங்கே அறுக்க வேண்டும் என்று பென்சிலால் ஒரு கோடு போட்டுக் கொடுத்தாள். கல் திறக்கும்போது இரண்டு பேரும் இருப்பதுதான் வழக்கம். ஆனால் மறுநாளிலிருந்து அண்ணிக்குத் தொடர்ந்து வேலை. எனக்காகக் காத்திருக்காதே, அறுத்து வை என்று போனில் சொல்லிவிட்டாள்.

பல்லழகி அறுத்தாள். கோட்டின்மேல் அச்சுப் பிசகாமல்தான் அறுத்தாள். இரண்டாகப் பிரிந்ததைக் கழுவிப் பார்த்தால் இரண்டு முகத்திலும் பச்சையாகப் பாசித் திட்டுகள், ஓரத்தில் வெள்ளையும் சிவப்புமாக நாலைந்து பட்டைகள், ஒரு பாதியில் மட்டும் மேற்பரப்புக்குச் சற்று உள்ளே கலங்கலாக ஒரு கறுப்பு. அந்தக் கறுப்புதான் அவளைச் சும்மா விடவில்லை. பிளேடை ஒரு பல் அகலத்துக்குத் தள்ளி வைத்து அந்தப் பாதியிலிருந்து ஒரு துண்டைச் சீவி எடுத்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

ஒரு மரம். தண்டு, கிளை, கிளையிலிருந்து பிரியும் குச்சி எல்லாம் இருந்த முழு மரம். அடியில் பச்சைப் புல், மேலே வெள்ளைப் பட்டைகள் மேகம் மாதிரி வளைந்திருந்தன. அதைப் பார்த்த முதல் ஆள் தான்தான் என்று அவள் நினைத்தாள். கண் இல்லாதவள் என்று சொன்னார்களே, இதை யார் பார்த்தது என்று நினைத்தாள். காட்டத்தான் வேண்டும் என்றுதான் முதலில் இருந்தது. ஒரு நாள் கழித்துக் காட்டலாம் என்று தோன்றியது. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு அந்தத் துண்டைக் கைக்குட்டையில் சுற்றியபோது, அதை எடுத்துக்கொள்ளப் போகிறோம் என்பது அவளுக்கே தெரிந்துவிட்டது.

மூன்றாவது நாள் சாயங்காலம் அண்ணி வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே கல் எங்கே என்றாள். இரண்டு பாதியையும் கையில் வாங்கி, மூடிப் பார்த்து, திறந்து பார்த்து, மறுபடி மூடிப் பார்த்தாள். பட்டைகள் ஒன்றோடொன்று சரியாகச் சேரவில்லை. பிளேடு கோணலாகப் போய்விட்டது, மட்டமாக்குவதற்காக நிறையத் தேய்க்க வேண்டியதாயிற்று என்று பல்லழகி தயாராக வைத்திருந்ததைச் சொன்னாள். அந்தக் கை தப்பு செய்யாது என்பதை அண்ணியைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் கிடையாது. ஆனாலும் நம்பினாள். நம்பிவிட்டு, தயங்கித் தயங்கி இன்னொன்று கேட்டாள்.

"இதுக்குள்ள ஒரு மரம் இருந்துச்சே. நீ பாக்கலையா?"

அந்த ஒரு நொடி பல்லழகிக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது. கைக்குட்டை பீரோவில் இருந்தது, எட்டடி தூரம். எடுத்து நீட்டிச் சிரித்திருந்தால் விளையாட்டாக முடிந்திருக்கும்.

"மரமா? அப்படி ஒண்ணும் இல்லையே அண்ணி. உங்களுக்கு அப்படித் தோணியிருக்கும்."

அண்ணி இரண்டு பாதியையும் மேஜைமேல் வைத்தாள். கொடுத்த காப்பியைப் பாதி குடித்துவிட்டு, தலை கனமாக இருக்கிறது என்று எழுந்துபோனாள். எந்தப் பாதி வேண்டும் என்று தேர்ந்தெடுக்கக்கூட இல்லை, கைக்கு வந்ததைக் கொண்டுபோனாள்.

இங்கே அண்ணியின் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பல்லழகிக்கு மாமியார். ஐம்பத்தைந்து வயதில் அந்த அம்மாளுக்கு ஃபிரிட்ஜின் மேல் ஒரு பூனை உட்கார்ந்திருப்பது தெரிய ஆரம்பித்தது. வீட்டில் பூனையே கிடையாது. எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சேர்ந்துதான் சிரித்தாள். பிறகு கட்டில் ஓரத்தில் யாரோ ஒரு குழந்தை. பிறகு பெற்ற மகளையே யாரோ நர்ஸ் என்று நினைத்து, என் பெண் எப்போ வருவாள் என்று கேட்கும் நிலை. அந்த அம்மாள் சாகும் வரை ஆறு வருடம் குளிப்பாட்டி, ஊட்டி, அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தவள் அண்ணி. பல்லழகிக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்துதான் அந்த வார்த்தையைச் சொன்னாளா என்றால், இல்லை. அந்த நேரத்தில் அவளுக்குத் தன்னைக் காப்பாற்றிக்கொள்வதைத் தவிர வேறு எதுவும் ஓடவில்லை.

துண்டை மறுநாள் வேலைக்குக் கொண்டுபோனாள். பல் செட்டுக்கு அளவு கொடுத்துவிட்டு வாங்க வராமலே போன ஒருவருடைய டப்பா அலமாரியில் இருந்தது. அந்த மேல்வரிசைக்கும் கீழ்வரிசைக்கும் நடுவில் மரத்தை வைத்தாள். முதல் வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் எடுத்து ஜன்னலில் பிடித்துப் பார்த்தாள். சந்தோஷமாகத்தான் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்.

இரண்டாவது வாரம் கணவன் சாப்பிடும்போது ஒரு செய்தி சொன்னான். அக்கா மைக்ராஸ்கோப் மேஜையை விட்டுவிட்டாளாம். ரத்தம் கொடுக்க வருகிறவர்களின் பெயரைக் கேட்டுக் குழாயில் சீட்டு ஒட்டும் முன்பக்க மேஜையைத் தானாகவே கேட்டு வாங்கிக்கொண்டாளாம். முதுகு வலி என்று அலுவலகத்தில் சொல்லியிருக்கிறாள். தம்பியிடம் மட்டும் உண்மையைச் சொன்னாள். இல்லாத ஒன்றைப் பார்த்தேன், பார்த்தது மட்டுமில்லை, நோட்டில் வரைந்தும் வைத்திருக்கிறேன், தேதி போட்டு. ரத்தத்திலும் இப்படி இல்லாத கிருமியைப் பார்த்து எழுதிக் கொடுத்தால் யாருக்கு என்ன ஆகும். அம்மாவுக்குப் பூனை, எனக்கு மரம், அவ்வளவுதான் வித்தியாசம் என்றாளாம். சொல்லிவிட்டு அவன் தட்டைத் தள்ளி வைத்தான்.  பல்லழகி வாயில் வைத்த சோற்றைத் தண்ணீர் குடித்து உள்ளே தள்ளினாள்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கோழைகளுக்கு எப்போதும் ஒரு வழி தெரிந்துகொண்டே இருக்கும், அவளுக்கும் தெரிந்தது. நரம்பு டாக்டரிடம் காட்டட்டும், ஒன்றும் இல்லை என்றுதான் வரும், வந்தால் அண்ணி தானாகத் தெளிந்துவிடுவாள், தான் வாய் திறக்க வேண்டியதே இல்லை. டாக்டரிடம் நேரம் வாங்கிக் கொடுத்ததும் அவள்தான், கூடப் போனதும் அவள்தான். நாத்தனாருக்காக இப்படி ஓடுகிற பெண்ணை எங்கே பார்ப்போம் என்று காத்திருந்தவர்களில் ஓர் அம்மாள் சொன்னாள். பல்லழகிக்கு எழுந்து ஓடிவிடலாம் போல் இருந்தது. ஸ்கேனில் எந்தக் கோளாறும் இல்லை. கேள்விகள் கேட்டார்கள், எண்களைத் தலைகீழாகச் சொல்லச் சொன்னார்கள், கடிகாரம் வரையச் சொன்னார்கள். எல்லாம் சரியாக இருந்தது. டாக்டர் சிரித்த முகத்துடன் ஒன்றுமில்லை என்றார். அம்மாவுக்கும் முதல் வருடம் எல்லாம் சரியாகத்தான் இருந்தது டாக்டர் என்று அண்ணி அமைதியாகச் சொன்னாள். டாக்டரின் சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது. ஆறு மாதம் கழித்து மறுபடி வாருங்கள் என்றார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணி வருவது நின்றது. பல்லழகி ஒருமுறை தனியாகக் கிடங்குக்குப் போனாள். காவல்காரர் அந்த அம்மா எங்கே என்று கேட்டார். உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு, ஒரு கல்லைக்கூடக் குனிந்து எடுக்காமல் திரும்பினாள். டப்பாவையும் அவள் திறப்பதில்லை. அந்த அலமாரிப் பக்கம் போக வேண்டி வந்தால் சுற்றிக்கொண்டு போனாள். யாராவது சும்மா கூப்பிட்டாலே திடுக்கிட்டுத் திரும்பினாள். வளைவு தப்பி ஒரு பல் செட்டையே திரும்பச் செய்ய வேண்டி வந்தது, பதினேழு வருடத்தில் முதல் முறையாக.

மூன்றாம் மாதம் அண்ணி போன் செய்து, ஒருநாள் வந்துவிட்டுப் போ, பெரிய பை எடுத்துவா என்றாள். துண்டை டப்பாவிலிருந்து எடுத்து மறுபடி கைக்குட்டையில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டுதான் பல்லழகி போனாள். சொல்லத்தான் போகிறோம் என்று படியேறும் வரை தைரியமாக இருந்தாள். உள்ளே போனால் கூடம் முழுக்க முட்டை அட்டைகள். ஒவ்வொரு குழியிலும் ஒரு கல். தரையில் உட்கார்ந்து மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, எந்தக் கல், எந்த வருடம், எந்தக் குவியல் என்று அண்ணி சீட்டு எழுதி ஒட்டிக்கொண்டிருந்தாள். தெளிவான கையெழுத்து, ஒரு எழுத்துகூடக் கோணவில்லை.

நினைவு இருக்கும்போதே எழுதிவிடலாம் என்று பார்க்கிறேன், எல்லாம் உனக்குத்தான் என்றாள். இதையெல்லாம் பிறகு யாராவது என்னிடம் காட்டினால், அழகா இருக்கு, யாருது என்று கேட்பேன், அப்போது நீ கோபித்துக்கொள்ளாமல் உங்களுடையதுதான் என்று சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டாள். அதை அழுகையில்லாமல், கடைக்குப் போகும்போது என்ன வாங்க வேண்டும் என்று சொல்கிற மாதிரி சொன்னாள். அம்மாவுக்குக் கோபப்பட்டுப் பதில் சொன்ன நாட்கள் உண்டு, அதுதான் இன்னும் உறுத்துகிறது என்றாள். கடைசி அட்டையில் அந்தக் கல்லின் பாதி இருந்தது. அதன் சீட்டில், பாசிக்கல், உள்ளே விசேஷமாக ஒன்றும் இல்லை என்று எழுதியிருந்தது. பக்கத்தில் நோட்டு. அதில் ஒரு பக்கம் கிழிக்கப்பட்டிருந்தது.

 பல்லழகி ஒத்திகை பார்த்து வைத்திருந்த வார்த்தைகள், முதலில் விளையாட்டாகத்தான் எடுத்தேன் என்று தொடங்குகிறவை, ஒன்றும் வரவில்லை. தரையில் அண்ணிக்கு எதிரே உட்கார்ந்து கைக்குட்டையைப் பிரித்து வைத்தாள்.

"மரம் இருந்துச்சு அண்ணி. நீங்க பாத்தது நிஜம். நான்தான் நடுவுல அறுத்து எடுத்துக்கிட்டேன்."

அண்ணி துண்டை எடுத்து ஜன்னல் பக்கம் பிடித்தாள். நீண்ட நேரம் பார்த்தாள். பிறகு நோட்டின் பின்னட்டையில் செருகி வைத்திருந்த ஒரு காகிதத்தை எடுத்தாள். கிழித்தவள் எறிந்துவிடவில்லை. வரைந்ததையும் கல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இந்தக் கிளை இதோ, இந்தக் கிளை இதோ என்று ஒவ்வொன்றாக விரலால் தொட்டாள். அவள் தோள் குலுங்கத் தொடங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று முதலில் தெரியவில்லை, இரண்டும்தான். அம்மா மாதிரி இல்லடி, நான் அம்மா மாதிரி இல்ல என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு பல்லழகியை இழுத்துக் கட்டிக்கொண்டாள். நல்லா இருப்ப நீ என்றாள்.

அறைந்திருந்தால் தாங்கியிருப்பாள். வாழ்த்தை அவளால் தாங்க முடியவில்லை. கட்டிக்கொண்ட கைக்குள் மரக்கட்டை மாதிரி உட்கார்ந்திருந்தாள். திருட்டுக்கு ஆசீர்வாதம் வாங்கிய ஒரே ஆள் தானாகத்தான் இருக்கும் என்று நினைத்தாள்.

அந்த மகிழ்ச்சி கால் மணி நேரம் இருந்திருக்கும். அண்ணி முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து மறுபடி துண்டைக் கையில் எடுத்தபோது, அவளுடைய பழைய கண் திரும்பியிருந்தது. அறுத்த முகத்தைப் பார்த்தாள். விளிம்பைப் பார்த்தாள். ஒரு பிசிறு இல்லை.

"அன்னிக்கு உன்கிட்டதானே கேட்டேன்."

"ஆமா அண்ணி."

"வேற யார்கிட்டயும் கேக்கல. உன் கண்ணை நம்பித்தான் கேட்டேன்."

பல்லழகி மன்னிப்புக் கேட்டாள். எதற்காகச் செய்தேன் என்று சொல்ல ஆரம்பித்து, உறவுக்காரர்கள் முன்னால் அண்ணி சொன்ன அந்தக் கேலியைச் சொன்னாள். சொல்லும்போதே அது எவ்வளவு சின்ன விஷயம் என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. அண்ணிக்கு அப்படிச் சொன்ன நினைவே இல்லை. நினைவில்லை என்றதும் அவள் முகத்தில் பழைய பயம் ஒரு கணம் வந்துபோனது. நான் நிஜமாவே சொன்னேனா, இல்ல இதுவும் நீயா சொல்றதா என்று கேட்டாள். கிண்டலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டாள். பல்லழகிக்குத் தான் எதை உடைத்திருக்கிறோம் என்பது அப்போதுதான் முழுதாகப் புரிந்தது.

அண்ணி ஒன்றே ஒன்று கேட்டாள். மறுநாள் தன்னுடன் பரிசோதனைக் கூடத்துக்கு வர வேண்டும். "நானே போய்ச் சொன்னா, இதையும் நானா கற்பனை பண்ணிக்கிட்டேன்னு நெனப்பாங்க. நீ வந்து சொல்லு."

அன்று சாயங்காலம் கணவனிடம் சொன்னாள். அவன் கத்தவில்லை. எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்து, அக்கா ராத்திரியெல்லாம் தூங்கறதில்லன்னு உனக்குத் தெரியும்ல என்று மட்டும் கேட்டான். தெரியும் என்றாள். அன்றிரவு அவன் தலையணையை எடுத்துக்கொண்டு போய் முன்னறையில் படுத்தான்.

பரிசோதனைக் கூடத்துக்குப் பொறுப்பாக இருந்த டாக்டரம்மா அவசரக்காரி. ஒரு கையில் அறிக்கைகளை வைத்துக்கொண்டே என்ன விஷயம் என்றாள். பல்லழகி நின்றபடியே சொன்னாள். கல், அறுத்தது, எடுத்தது, கேட்டபோது இல்லை என்றது, எதையும் விடவில்லை. பக்கத்து மேஜைகளில் இருந்த நாலைந்து பேர் கையில் இருந்த வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். வாங்க வராதவருடைய டப்பாவில் ஒளித்து வைத்ததைச் சொன்னபோது யாரோ ஒருவருக்குச் சிரிப்பு வந்து அடக்கிக்கொண்டது கேட்டது. டாக்டரம்மா அறிக்கைகளைக் கீழே வைத்தாள். முதுகு வலி இல்லையா அப்போ என்று அண்ணியைப் பார்த்துக் கேட்டாள். அண்ணி தலையை ஆட்டினாள். பல்லழகியைக் கொஞ்ச நேரம் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, டாக்டரம்மா ஒரு பெருமூச்சு விட்டாள். மூன்று மாதமாகப் பழைய ஆள் இல்லாமல் தானே கண் பிதுங்கிப் போயிருப்பதாகவும், இன்றைக்கே, இப்போதே அந்த நாற்காலியில் உட்கார வேண்டும் என்றும் சொன்னாள். நாலைந்து பேரும் சந்தோஷமாகக் கைதட்டினார்கள்.

அண்ணி வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். நாற்காலியின் உயரத்தைச் சரிசெய்தாள். முதல் கண்ணாடித் துண்டை வைத்துத் திருகைத் திருகினாள். பல்லழகி கதவருகில் நின்று பார்த்தாள். குனிந்த முதுகு, அசையாத தலை, எல்லாம் பழையபடியே இருந்தது. அவளுக்கு மூன்று மாதத்தில் முதல் முறையாக மூச்சு சீராக வந்தது. கிளம்பலாம் என்று பையைத் தோளில் மாட்டினாள்.

அண்ணி தலையை நிமிர்த்தினாள். எழுதும் தாளை எடுத்தாள். பேனாவைத் திறந்தவள் எழுதாமல் மறுபடி குனிந்து பார்த்தாள். பிறகு பக்கத்து மேஜையில் இருந்த, வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத பெண்ணை மெதுவாகக் கூப்பிட்டாள்.

"கொஞ்சம் வந்து பாரும்மா. இது எனக்கு மட்டும்தான் தெரியுதா?"

அந்தப் பெண் வந்து பார்த்துவிட்டு, எனக்கும் தெரியுது மேடம் என்றாள். அண்ணி எழுதினாள். அடுத்த துண்டை வைத்தாள், பார்த்தாள், அதற்கும் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டாள். மூன்றாவதற்கும் கூப்பிட்டாள்.